மலிவு டயரும் மனித உயிரும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மேற்கே செல்லும் பெங்களூர்ப் பெருஞ்சாலையில் விடியற்காலை சற்று நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு இரண்டு காட்சிகள் புலப்படும். ஒன்று, பளபளக்கும் புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் நீண்ட டிரெயிலர் வண்டிகள். மற்றொன்று, அதே சாலையின் ஓரத்தில் செத்த பாம்புகளைப்போல் கிடக்கும் கறுத்த ரப்பர்ப் பட்டைகள். முதற்காட்சியைக் கண்டு நம்மவர்கள் பெருமை கொள்ளுகிறார்கள், அது நியாயமே. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் வருஷத்திலும், ஒரகடத்தில் 2010ஆம் வருஷத்திலும் கார் உற்பத்தி தொடங்கிய பின், தமிழ்நாட்டுத் தொழிலாளியின் கைவேலை பம்பாய்க்கும் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் இந்தச் சாலைகளின் வழியே செல்கிறது. இரண்டாவது காட்சியைப் பற்றியோ எவரும் வாய் திறப்பதில்லை. அந்தப் பட்டைகளில் ஒவ்வொன்றும் ஓடுகிற வண்டியின் சக்கரத்திலிருந்து உரிந்து விழுந்தது. அது விழுந்த கணத்தில் ஒரு டிரைவர் தமது பிராணனைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியை நிறுத்த முயன்றிருப்பார். சிலருக்கு அது முடிந்திருக்கும், சிலருக்கு முடிந்திராது.

விபத்து நேர்ந்தால், "டயர் வெடித்தது" என்று ஒரே வரியில் செய்தி வருகிறது. இடி விழுந்தது, வெள்ளம் வந்தது என்பதைப்போல் இதையும் ஜனங்கள் கேட்டுக்கொள்ளுகிறார்கள். அத்துடன் விசாரணை முடிந்துவிடுகிறது. இந்த மனப்பான்மை பெரும் பிழையாகும். 2010ஆம் வருஷத்தில் நிகழ்ந்த ஒரு கார் விபத்தைப் பற்றிய வழக்கில், டயர் வெடிப்பு தெய்வச் செயலாதலால் நஷ்டஈடு கொடுக்க வேண்டியதில்லை என்று இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி வாதித்தது. 2023ஆம் வருஷத்தில் பம்பாய் ஹைகோர்ட் அவ்வாதத்தைத் தள்ளிவிட்டது. டயர் வெடிப்பது தெய்வச் செயலன்று, மனிதனுடைய அஜாக்கிரதையின் பயன் என்று அந்நீதிமன்றம் கூறியது. நாமும் அதையே கூறுகிறோம். அப்படியானால் யாருடைய அஜாக்கிரதை என்ற கேள்வி எழுகிறது. கார் சுமக்கும் டிரெயிலர்களைப் பொறுத்தவரையில் இதற்கு விடை காண்பதே இன்று நமது நோக்கம்.

"வெறும் கார்தானே ஏற்றுகிறோம்? இரும்பா, சிமெண்டா? இதற்கு எந்த டயர் போட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் இத்தொழிலில் பலர் உண்டு. சிறு கார் ஒன்றின் எடை ஒரு டன்னை ஒட்டியிருக்கும் என்பதும், இரும்பு ஏற்றிய வண்டியோடு ஒப்பிட்டால் இந்தப் பாரம் குறைவென்பதும் வாஸ்தவமே. ஆனால் நேற்று சிறு கார்களை ஏற்றிய அதே டிரெயிலர், இன்று ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட பெருங்கார்களை ஏற்றுகிறது. ஏற்றப்படும் மிகப் பெரிய பாரத்துக்கே டயர் தக்கதாயிருக்க வேண்டுமன்றி, மிகச் சிறிய பாரத்துக்கன்று. மேலும் இவ்வண்டி உயரமானது. பக்கத்திலிருந்து அடிக்கும் காற்றை முழுவதும் வாங்குவது. வளைவில் பாரம் ஒருபுறம் சாயும்போது அப்புறத்து டயர்கள் தம் பங்குக்கு மேற்பட்ட சுமையைத் தாங்குகின்றன. நீண்ட டிரெயிலர் குறுகிய முனையில் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் உருளுவதோடு பக்கவாட்டில் இழுத்துத் தேய்க்கவும் படுகின்றன. இரண்டு அடுக்குக் கார்களுக்கு இடம் வேண்டித் தளத்தைத் தாழ்த்துவதற்காகச் சிறிய சக்கரங்களைப் பூட்டுவதும் உண்டு. சிறிய சக்கரம் அதே தூரத்துக்கு அதிகச் சுற்றுகள் சுற்றுகிறது, அதிகமாகச் சூடாகிறது. ஆகவே "வெறும் கார்தானே" என்பது அறியாமையின் பேச்சு.

டயர் எதனால் வெடிக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பாரத்தைத் தாங்குவது ரப்பர் என்று பலர் எண்ணுகிறார்கள். ரப்பரும் கம்பியும் நூலும் சேர்ந்தது ஒரு பையே. பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் அந்தப் பையினுள் அடைபட்ட காற்று. காற்றுக் குறைந்தாலும் பாரம் மிகுந்தாலும், டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மேல் மடிந்து நிமிருகிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் பல தடவை வளைத்தால் அது கையைச் சுடுவதைச் சிறுவர்களும் அறிவார்கள். அவ்வாறே டயரினுள்ளும் உஷ்ணம் பிறக்கிறது. சித்திரை வெயிலில் காயும் சாலையும் வண்டியின் வேகமும் அதனுடன் சேருகின்றன. ரப்பருக்கும் உள்ளேயுள்ள அடுக்குகளுக்கும் இடையிலுள்ள பிணைப்பு மெல்ல மெல்லத் தளர்ந்து, முடிவில் பட்டன் முழுவதும் உரிந்து வீசப்படுகிறது, அல்லது பக்கச்சுவர் கிழிந்து டயர் வெடிக்கிறது. வெடிப்பது ஒரு கணத்தில். அதற்குரிய காரணமோ பல நாட்களாக, சில சமயம் பல மாதங்களாக உள்ளே வளர்ந்து வந்திருக்கும்.

முன்சக்கரத்தில் காற்றுக் குறைந்தால் ஸ்டீயரிங் டிரைவருக்குச் சொல்லிவிடும். அவர் முதுகுக்குப் பின்னால் வெகுதூரத்திலுள்ள டிரெயிலர்ச் சக்கரம் எதையும் சொல்லாது. கண்ணாடியில் புகை தெரியும்போதுதான் அவர் அறிவார். அதற்குள் காரியம் மிஞ்சிவிடுகிறது. ஆகவே டிரெயிலருக்கு எந்த டயரானாலும் போதுமென்று, லாரியில் ஓடித் தேய்ந்ததைக் கழற்றி டிரெயிலரில் மாட்டும் வழக்கம் முற்றிலும் தலைகீழானது. டிரைவரின் கண்ணும் கையும் எட்டாத இடத்தில்தான் நம்பத்தக்க டயர் இருக்க வேண்டும்.

நம்பத்தக்க டயர் எது? கடைக்காரர் சொல்லும் பெயரல்ல, விளம்பரத்தின் ஆரவாரமுமல்ல. டயரின் பக்கச்சுவரிலேயே அதன் ஜாதகம் எழுதப்பட்டிருக்கிறது. படிப்பவர்கள்தான் இல்லை. உதாரணமாக, 10.00 ஆர் 20 என்ற அளவுள்ள ஒரு லாரி டயரின் மேல் 146/143 கே என்று பொறித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 146 என்பது, தனியாகப் பூட்டினால் அந்த டயர் 3,000 கிலோ தாங்கும் என்பதன் குறி. 143 என்பது, இரட்டையாகப் பூட்டினால் ஒவ்வொன்றும் 2,725 கிலோ தாங்கும் என்பதன் குறி. கே என்ற எழுத்து மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தைக் குறிப்பது. 16 பி.ஆர். என்பதைப் பார்த்துப் பதினாறு அடுக்குகள் இருப்பதாக நம்புகிறவர்கள் உண்டு. அது பலத்தைக் குறிக்கும் பழைய வழக்கேயன்றி அடுக்குகளின் எண்ணிக்கையன்று.

இந்த எண்களைப் படிக்காததால் விளையும் கேட்டுக்கு ஒரு கணக்கைக் காட்டுகிறோம். 2018ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் மத்திய சர்க்கார் லாரி அச்சுகளின் பார அளவை உயர்த்தினார்கள். நான்கு டயர்கள் பூட்டிய ஒற்றை அச்சுக்கு முன்பு 10.2 டன், பிறகு 11.5 டன். எட்டு டயர்கள் பூட்டிய இரட்டை அச்சுக்கு முன்பு 19 டன். பிறகு 21 டன். மேற்கூறிய டயர் நான்கை ஒற்றை அச்சில் பூட்டினால் அவை தாங்கக்கூடியது 10,900 கிலோ. பழைய சட்டத்துக்கு அது போதும். புதிய அளவுக்கு 600 கிலோ போதாது. காகிதத்தில் சட்டம் மாறியது; டயர் மாறவில்லை. சட்டம் அனுமதித்த பாரத்தைத்தான் ஏற்றினேன் என்று முதலாளி சொல்லலாம். டயர் சட்டப் புத்தகத்தைப் படிப்பதில்லை. 149/146 என்று பொறித்த டயர் நான்கு 12,000 கிலோ தாங்கும். இரண்டுக்கும் அளவு ஒன்றே, பார்வைக்கு வேற்றுமை தெரியாது, எண்ணில்தான் வேற்றுமை.

இரட்டை அச்சையும் பார்ப்போம். 143 எண்ணுள்ள எட்டு டயர்கள் 21,800 கிலோ தாங்கும். 21 டன் பாரத்துக்கு அது போதுமெனத் தோன்றும். பாரம் சமமாகப் பங்கிடப்பட்டால் ஒவ்வொரு டயரின் மேலும் 2,625 கிலோ. மிச்சமுள்ள பலம் 100 கிலோதான். ஜோடியில் ஒன்று பஞ்சரானால் அதன் துணை டயர் 5,250 கிலோவை ஏந்தி ஓடவேண்டும்; அதன் சக்தியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அது. முதல் டயர் பஞ்சரான இடத்தில் வண்டி நிற்பதில்லை. அதன் துணையும் வெந்து வெடித்த இடத்தில்தான் நிற்கிறது. முழுப் பாரமும் எப்போதும் ஏறுவதில்லை என்று சமாதானம் சொல்லலாம். அந்தச் சமாதானத்தை நம்பித்தான் டிரைவர் இரவெல்லாம் ஓட்டுகிறார்.

எண்ணோடு வயதையும் பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3223 என்றிருந்தால் 2023ஆம் வருஷத்தின் 32வது வாரத்தில் செய்தது என்று பொருள். கடையின் மூலையில் பல வருஷங்கள் கிடந்த டயர், பட்டன் தேயாவிட்டாலும் புதிதாகாது. வெயிலும் காற்றும் ரப்பரின் உயிரை வாங்கிவிடும். டிரெயிலரின் ஸ்டெப்னி இதற்கு நல்ல சாட்சி. பார்வைக்குப் புதிது, உள்ளே கிழம். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாதென்பது சட்டம். அது கடைசி எல்லையேயன்றி நல்ல டயருக்கு அடையாளமன்று. நைலான் டயரையும் ரேடியல் டயரையும் ஒரே அச்சில் கலப்பதும், தேய்ந்ததையும் புதியதையும் ஜோடி சேர்ப்பதும் தவறு. உயரமான டயரே அதிகப் பாரத்தை ஏற்றுக்கொள்ளும். ஐ.எஸ்.ஐ. முத்திரை 2009ஆம் வருஷத்துத் தரக்கட்டுப்பாட்டு உத்தரவினால் கட்டாயமாக்கப்பட்டது. அது டயர் பரீட்சையில் தேறியதைக் காட்டும். உங்கள் வண்டிக்கு ஏற்றதா என்பதைக் காட்டாது. ரீட்ரெட் செய்த டயரை நாம் அடியோடு வெறுக்கவில்லை. உட்கூடு சேதமின்றி இருந்து, நல்ல பட்டறையில் முறையாகச் செய்யப்பட்டால் அது சிக்கனமே. உட்கூடு ஒருமுறை காற்றின்றி ஓடி வெந்திருந்தால், அதன் மேல் எத்தனை புதுப் பட்டன் ஒட்டினாலும் அது பிணத்துக்கு அலங்காரம் செய்தது போலாகும்.

இனி, சுதேசி விஷயம். 1936ஆம் வருஷத்தில் ஹூக்ளி நதிக்கரையிலுள்ள சாகாகஞ்சில் வெள்ளைக்காரக் கம்பெனியார் தொடங்கியதே இந்தியாவின் முதல் டயர்த் தொழிற்சாலை. 1946ஆம் வருஷத்தில் நமது திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகப் பிறந்த மெட்றாஸ் ரப்பர் பாக்டரி, 1961ஆம் வருஷத்தில் டயர்த் தொழிலில் புகுந்து இன்று உலகறிய நிற்கிறது. இந்த வளர்ச்சியைக் கண்டு மகிழாத தேசபக்தன் இல்லை. சீனத்திலிருந்து மலிவான லாரி டயர்கள் வந்து குவிந்தபோது, 2017ஆம் வருஷம் செப்டம்பரில் சர்க்கார் அவற்றின் மேல் தடுப்பு வரி விதித்தார்கள். 2020ஆம் வருஷம் ஜூனில் புது டயர்களின் இறக்குமதிக்கே லைசென்ஸ் கட்டாயமென்றார்கள். உள்நாட்டுத் தொழிலுக்குக் காப்பு வேண்டுமென்பது நமது கொள்கை. ஆனபடியால் இவற்றை நாம் குறை கூறவில்லை.

காப்பு ஒரு சலுகை மட்டுமன்று; அது ஒரு கடன். அந்நியச் சரக்கைத் தடுத்துவிட்டோம், இனி நாங்கள் சொன்னதே விலை, கொடுத்ததே சரக்கு என்று உள்நாட்டு உற்பத்தியாளர் எண்ணுவாராயின் அது சுதேசியன்று, சுதேசி வேஷம். ஐந்து பெரிய டயர்க் கம்பெனிகளும் அவர்களுடைய சங்கமும் கூடிப் பேசி விலையை உயர்த்தியதாகப் போட்டிக் கமிஷன் கண்டு, மொத்தம் 1,788 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த ஆணை 2022ஆம் வருஷம் பிப்ரவரியில் வெளியாயிற்று. அதே வருஷம் டிசம்பரில் மேல் விசாரணை மன்றம் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியது. ஆகையால் குற்றம் ருசுவாகிவிட்டதென்று நாம் சொல்லவில்லை. சந்தேகத்துக்கே இடமில்லாமல் நடப்பது காப்புப் பெற்றவர்களின் கடமை என்று மட்டும் சொல்லுகிறோம். ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906ஆம் வருஷத்தில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். தேசபக்தியின் பெயரால் ஓட்டைத் தோணியில் ஏறும்படி அவர் ஜனங்களை அழைக்கவில்லை. காலியா, லாவோ என்ற நீராவிக் கப்பல்களை வாங்கி ஓட்டினார். சரக்கின் தரமே சுதேசியின் முதல் சத்தியம்.

ஆயினும் இவையெல்லாம் ஒருபுறமிருக்க, நோயின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. டயரைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர். அதன் மேல் உயிரை வைத்துப் போகிறவர் மற்றொருவர். கார் செய்யும் கம்பெனி தன் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்க மிகக் குறைந்த வாடகை கேட்பவருக்குக் குத்தகை கொடுக்கிறது. அவர் தம் கீழுள்ள சிறு வண்டிக்காரர்களுக்கு இன்னும் குறைத்துக் கொடுக்கிறார். டீசல் விலையையும் சுங்கக் கட்டணத்தையும் அவரால் குறைக்க முடியாது. குறைக்கக் கூடியவை இரண்டே: டயர்ச் செலவு, டிரைவரின் கூலி. இரண்டும் ஒரே மனிதனின் தலையில் விழுகின்றன. சென்னையிலிருந்து டில்லி வரை ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர் தூரம். அத்தனை தூரமும் மொட்டை டயரில் ஓட்டி, வழியில் அது வெடித்தால், "நீ பார்த்து ஓட்டவில்லை" என்று சொல்லி டயரின் விலையை அந்த டிரைவரின் கூலியிலேயே பிடித்துக்கொள்ளும் முதலாளிகளும் உண்டு. இஃதென்ன நியாயம்? வண்டியின் மேலுள்ள கார்கள் ஒவ்வொன்றும் இன்ஷ்யூர் செய்யப்பட்டிருக்கின்றன. கீறல் விழாதபடி உறை போட்டுக் கட்டப்படுகின்றன. அவற்றைச் சுமந்து செல்லும் தொழிலாளியின் உயிருக்குக் காட்டப்படும் மரியாதை, அந்தக் காரின் வர்ணத்துக்குக் காட்டப்படும் மரியாதைக்கும் குறைவாயிருக்கிறது.

"ஒன்றிரண்டு வண்டி வைத்துப் பிழைக்கும் நாமக்கல், சங்ககிரி வண்டிக்காரன் விலையுயர்ந்த டயருக்கு எங்கே போவான்?" என்று கேட்கலாம். அவர்களுடைய கஷ்டத்தை நாம் அறியாதவர்களல்லோம். கடன் தவணை ஒருபுறம், காலியாகத் திரும்பும் வண்டி ஒருபுறம் என்று நெருக்குண்டு கிடப்பவர்கள் அவர்கள். ஆனால் டயரின் விலை, கடையில் கொடுக்கும் ரூபாயன்று. அது ஓடிய கிலோமீட்டரால் வகுத்து வரும் காசு. சீக்கிரம் வெந்து சாகும் மலிவு டயரும், முழு ஆயுளும் ஓடி, பிறகு ரீட்ரெட்டுக்கும் உட்கூடு கொடுக்கும் நல்ல டயரும் இந்தக் கணக்கில் இடம் மாறிவிடும். மேலும் டயரின் ஆயுளுக்கு மிகவும் மலிவான மருந்து காற்று. புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கையில், அளவுகோல் வைத்துக் காற்றழுத்தம் பார்ப்பதற்குச் செலவு ஏது? கட்டையால் தட்டி ஓசை கேட்பது போதாது. அடியோடு காற்றில்லாததை அது காட்டும்; கொஞ்சம் குறைந்திருப்பதைக் காட்டாது. அந்தக் கொஞ்சந்தான் ஆளைக் கொல்லுவது. சிறு வண்டிக்காரர்கள் சங்கமாகக் கூடி மொத்தமாக டயர் வாங்கினால் விலையிலும் சலுகை கிடைக்கும், கள்ளச் சரக்கும் விலகும்.

ஆகவே நாம் கேட்பவை இவை. முதலாவதாக, கார்க் கம்பெனிகள் வாடகை ஒப்பந்தத்திலேயே டயருக்குரிய பார எண், வயது வரம்பு, காற்றழுத்தப் பதிவு ஆகியவற்றை நிபந்தனையாக எழுத வேண்டும். அந்த நிபந்தனைக்குத் தக்க வாடகையும் கொடுக்க வேண்டும். நிபந்தனை மட்டும் எழுதி வாடகையைக் குறைப்பது பொறுப்பைக் கழுவிக்கொள்ளும் தந்திரமே. இரண்டாவதாக, வெடித்த டயரின் விலையை டிரைவரின் கூலியில் பிடிக்கலாகாது. கெட்ட டயருள்ள வண்டியை எடுக்க மறுக்கும் உரிமை அவருக்கு வேண்டும். அதற்காக அவரை வேலையிலிருந்து நீக்கலாகாது. மூன்றாவதாக, வண்டிக்குத் தகுதிச் சான்று அளிக்கும் அதிகாரிகள் பட்டன் ஆழத்தோடு நில்லாமல், அச்சின் பாரத்துக்கு டயரின் எண் போதுமா என்று பார்க்க வேண்டும். அச்சுப் பாரத்தை உயர்த்திய சர்க்காருக்கு இந்தக் கடமை இரட்டிப்பாக உண்டு. நான்காவதாக, டயர்க் கம்பெனிகள் பார எண்களின் அட்டவணையைத் தமிழிலும் மற்றத் தேச பாஷைகளிலும் அச்சிட்டு, ஒவ்வொரு கடையிலும் பட்டறையிலும் தொங்கவிட வேண்டும். வாங்குகிறவன் படிக்க முடியாத உறுதிமொழி உறுதிமொழியாகாது.

இவை தாமாக நடந்துவிடும் என்று நாம் நம்பவில்லை. தொழிலாளர் இயக்கத்தில் உழைக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம். தொழிற்சாலை வாசலில் கூலிக்காகவும் வேலை நேரத்துக்காகவும் போராடுகிறீர்கள். அது உயர்ந்த பணி. அதே வாசலிலிருந்து வெளியேறும் டிரெயிலரின் டிரைவர் எந்தச் சங்கத்தின் கணக்கிலும் அகப்படாமல் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருக்கிறார். அவரையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். லாரி நிற்கும் பேட்டைகளுக்குச் சென்று, பக்கச்சுவரின் எண்களைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். எழுத்தறிவு இயக்கம் என்று நாம் சொல்லுவதில் இதுவும் ஒரு பாடமே. தவறினால் தேர்வு மட்டுமல்ல, உயிரும் போகும் பாடம்.

ஒரு தேசத்தின் தொழில் வளர்ச்சியை அது செய்யும் கார்களின் எண்ணிக்கையால் அளப்பது இக்கால வழக்கம். அந்தக் கார்களைச் சுமந்து செல்லும் தொழிலாளி பத்திரமாய் வீடு திரும்புகிறாரா என்பதையும் சேர்த்தே நாம் அளப்போம். டயரைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு முதலாளியும் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன், தம் சொந்தப் பிள்ளை அந்த வண்டியை ஓட்டிப் போவதாக நினைத்துக்கொள்ளட்டும். அந்த நினைப்போடு அவர் எந்த டயரை வாங்குவாரோ, அதுவே நம்பத்தக்க டயர்.